மூட்டு நோயும் நம் உணவும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் நிகழ்ச்சியில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மூட்டுவலியைப் பற்றிப் பேச வேண்டிய தேவை யாது என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். விழாக் குழுவினர் என்னிடம் தலைப்பைக் கேட்டபோது நான் தயங்காமல் இதனையே சொன்னேன். நம் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைத் தடுத்து நிறுத்துகின்ற காரணங்களுள் தாயின் நோயும் ஒன்று. ஒரு தாயின் கைவிரல்கள் மடங்கிப் போனால், அந்த வீட்டின் சமையலும் தண்ணீர்க் குடமும் தம்பி தங்கையரின் பொறுப்பும் மூத்த மகளின் தலையில் வந்து விழுகின்றன. அவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறாள். ஆகவே, இது இந்த மேடையில் பேச வேண்டிய பொருளே என்பது என் கருத்து.

மூட்டு நோயுடன் என்னிடம் வருவோருள் பெரும்பாலோர் கேட்கும் முதற் கேள்வி, "டாக்டர், நான் எதைச் சாப்பிடக் கூடாது?" என்பதே. எதைச் சாப்பிட வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலர். நோய் வந்தால் எதையேனும் விட்டுத்தான் தீர வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. பத்தியம் என்பது பழைய வைத்திய முறையில் மருந்தோடு சேர்ந்து, குறிப்பிட்ட நாள்களுக்கு மட்டும் இருந்த ஒழுங்கு. இன்றோ மருந்து போய்விட்டது, நாள்கணக்கும் போய்விட்டது. விலக்கு மட்டும் வாழ்நாள் முழுமைக்கும் நின்றுவிட்டது. அந்த விலக்கும் வீட்டில் யார்மேல் விழுகிறது? பெரும்பாலும் பெண்கள்மேல். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம் போய் முட்டையை விடு, மீனை விடு, பருப்பை விடு என்று சொல்வது சிறிய காரியமன்று.

கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்த மூட்டு வலிக்கிறது? எப்போது வலிக்கிறது? காலையில் எழுந்தவுடனா, மாலையில் வேலை முடிந்த பிறகா? மூட்டுவலி என்பது ஒரு நோயின் பெயர் அன்று. மருத்துவ நூல்கள் நூற்றுக்கு மேற்பட்ட மூட்டு நோய்களைப் பிரித்துக் கூறுகின்றன. அவற்றுள் நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படுபவை மூன்று. வயதாலும் உழைப்பாலும் பாரத்தாலும் முழங்கால் போன்ற மூட்டுகளின் குருத்தெலும்பு சிதைவது மூட்டுத் தேய்வு. யூரிக் அமிலம் உப்புப் படிகங்களாக மூட்டில் இறங்கி, பெரும்பாலும் காற்பெருவிரலில் நெருப்பாய்ச் சுடுவது கவுட் என்னும் யூரிக் அமில வாதம். உடலின் காவற்படையே தவறுதலாகத் தன் மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவது முடக்குவாதம்.

உணவுக்கும் இம்மூன்றுக்கும் உள்ள உறவு மூன்று விதமானது. இதற்கு மத்தி மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் சாளை என்பர். விலை மலிந்த மீன். நம் வீட்டுச் சட்டிக்கு எட்டுகின்ற மீன். அதிலுள்ள கொழுப்பு, வீக்கத்தைத் தணிக்கும் தன்மையுடைய ஒமேகா-3 வகையைச் சேர்ந்தது. ஆதலால் முடக்குவாதம் உடையவருக்கு அது நல்லுணவு. யூரிக் அமில வாதம் உடையவருக்கோ, பியூரின் என்னும் பொருள் மிகுந்த அதே மத்தி நோயைக் கிளறிவிடக் கூடும். முழங்கால் தேய்ந்தவருக்கு அது குழம்பாக வருகிறதா, எண்ணெயில் பொரிந்து வருகிறதா என்பது ஒன்றே கேள்வி. ஒரே மீன், மூன்று பேருக்கு மூன்று விடை. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லப்பட்ட பத்தியத்தை நம் வீட்டு அம்மாவுக்குக் கொண்டுவந்து வைப்பதில் உள்ள ஆபத்து இப்போது உங்களுக்கு விளங்கும்.

முதலில் முழங்கால் தேய்வைப் பார்ப்போம். இங்கே உணவு வேலை செய்வது பெரும்பாலும் உடல் எடையின் வழியாகவே. நடக்கும்போது முழங்கால் தாங்கும் பாரம் நாம் தராசில் காணும் எடையைக் காட்டிலும் பன்மடங்கு. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் ஏறும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005இல் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். அதற்கு முன்பே, அந்நாட்டின் பிராமிங்காம் நகரில் பல்லாண்டுகளாக நடைபெற்றுவந்த ஆய்விலிருந்து 1992இல் ஒரு செய்தி வெளிவந்தது: ஐந்து கிலோ அளவுக்கு எடை குறைந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்வு வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில் 454 பேரைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவைக் குறைத்ததோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கே, இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலி மிகவும் குறைந்திருந்தது.

நம் பெரியம்மாக்களின் கதையை எண்ணிப் பாருங்கள். நாற்று நடவும் களையெடுப்பும் செங்கற்சூளையுமாக முப்பது ஆண்டுகள் உழைத்தபோது உண்ட சோற்றின் அளவு, மகன் வேலைக்குப் போய் "நீ வீட்டில் இரு ஆயா" என்று சொன்ன பிறகும் மாறுவதில்லை. உழைப்பு நின்றுவிட்டது, சோறு நிற்கவில்லை. அதோடு நாள் ஒன்றுக்கு நான்கு, ஐந்து முறை சர்க்கரை போட்ட தேநீர். இவர்களுக்கு எந்தப் பொருளையும் முற்றாக விலக்க வேண்டியதில்லை. தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் கீரையையோ அவரை, முருங்கை போன்ற காய்களையோ வைத்தால் போதும். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். சோற்றுக்குப் பதிலாகக் களி தின்றால் எடை குறையும் என்று நம்பி இரண்டு உருண்டைக்கு நான்கு உருண்டை தின்போரும் இருக்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியந்தான், ஆயினும் அளவு அதற்கும் உண்டு.

ஆனால் ஒன்று. முழங்கால் வலி என்று வந்த மெலிந்த மூதாட்டியிடமும் "எடையைக் குறை" என்று சொல்லி அனுப்பிவிடுகின்ற பழக்கம் சில மருத்துவர்களிடம் உண்டு. நாற்பது கிலோ எடையுள்ள ஒருத்தி எதைக் குறைப்பாள்? சீனத்துப் பீகிங் நகர முதியோரையும் பிராமிங்காம் முதியோரையும் ஒப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மெலிந்தவர்களான சீனப் பெண்களுக்கே முழங்கால் தேய்வு மிகுதியாக இருந்தது. குந்தியிருந்து வேலை செய்யும் வழக்கத்துக்கும் தேய்வுக்கும் தொடர்புண்டு என்று அடுத்து வந்த ஆய்வு காட்டியது. நடவு வயலிலும் அடுப்படியிலும் குந்தியே காலம் கழித்த நம் பெண்களின் முழங்காலைச் சோறு தேய்க்கவில்லை, வேலை தேய்த்தது. இவர்களுக்கு வேண்டுவது தொடைத் தசை வலுப்பெறப் பயிற்சியும், அந்தத் தசைக்குப் புரதமுள்ள உணவுமே. இவர்களிடமிருந்து முட்டையைப் பிடுங்குவது கொடுமை.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி ஒரு சொல். மூட்டுக்கு மூட்டு என்று நம்பிக் கடன் வாங்கியும் காய்ச்சிக் குடிக்கிறார்கள். எலும்புச் சாறு வயிற்றில் செரித்தபின் மற்றப் புரதங்களைப் போலவே சிதைந்துவிடுகிறது; நேரே முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. சுவைக்காகக் குடிப்பதென்றால் குடியுங்கள். மருந்தென்று எண்ணிக் காசைக் கரைக்க வேண்டா.

இனி யூரிக் அமில வாதம். உணவு நேரடியாகத் தூண்டிவிடும் மூட்டு நோய் இதுவே. முற்காலத்தில் இதனை அரசர்களின் நோய் என்று ஐரோப்பியர் சொன்னார்கள். இறைச்சியும் மதுவும் அரண்மனையில்தானே மிகுதி! இன்று அது கூலித் தொழிலாளியின் குடிசைக்கும் வந்துவிட்டது. மாலையில் மதுக்கடை, ஈரல் வறுவல், பகலெல்லாம் வெயிலில் போதிய தண்ணீர் குடியாமை ஆகிய மூன்றும் சேர்ந்தால் நள்ளிரவில் காற்பெருவிரல் சிவந்து வீங்கும். போர்வை பட்டாலும் உயிர் போகும் வலி.

இதைப்பற்றி நல்ல ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இறைச்சியும் கடல் உணவும் மிகுதியாக உண்டவர்களுக்கு இந்நோய் மிகுதி. பால், தயிர் உண்டவர்களுக்குக் குறைவு. பியூரின் மிகுந்த காய்கறிகளையும் பயறுகளையும் உண்டவர்களுக்கோ நோய் கூடவில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நன்றாக மனத்தில் வையுங்கள். யூரிக் அமிலம் என்ற சொல்லைக் கேட்டவுடனே "பருப்பை விட்டுவிடு" என்று சொல்வது இன்றும் பரவலாக நடக்கிறது. பருப்பும் பயறுமே புரதத்துக்கு முதல் ஆதாரமாக இருக்கும் வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொருள் பட்டினி என்பதே. அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு பீரும் சாராய வகைகளும் நோயைக் கூட்டுவதைக் காட்டியது. பீர் எல்லாவற்றினும் கேடு. 2008இல், புட்டியில் அடைத்த இனிப்புப் பானங்களை நாளுக்கு இரண்டுக்குக் குறையாமல் குடித்த ஆண்களுக்கு, அரிதாகக் குடித்தவர்களைவிட நோய் வாய்ப்பு 85 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள். இளைஞர்கள் மதுவை மட்டும் குற்றவாளி என்று எண்ணிவிடக் கூடாது. வண்ணப் புட்டியும் உடன் நிற்கிறது.

இறைச்சி என்றவுடன் நம் சமுதாயத்தில் ஒரு வேதனை உண்டு. உணவைக் காட்டியே நம்மைத் தாழ்த்தி வைத்தார்கள். மாட்டிறைச்சி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஆகவே ஒரு மருத்துவர் "மாட்டுக்கறியைக் குறை" என்று சொன்னால், சொல்வது மருத்துவமா, சாதியா என்னும் ஐயம் நமக்கு எழுவது இயல்பு. அறிவியல் சொல்வதை நான் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கறி உண்பவருக்கு ஒரு நீதி, மாட்டுக்கறி உண்பவருக்கு வேறொரு நீதி என்பது யூரிக் அமிலத்திடம் இல்லை. இரண்டும் சிவப்பு இறைச்சி. இரண்டையும் குறைக்க வேண்டும். ஈரல், மண்ணீரல், மூளை, சிறுநீரகம் ஆகியவை எந்த விலங்கினுடையவை ஆயினும் விலக்கத் தக்கவை. நெத்திலியும் மத்தியும் குறைய வேண்டும். கறியை வேகவைத்த நீரில் பியூரின் இறங்கிவிடுவதால், இந்நோய் உடையவர் சூப்பையும் சாற்றையும் தவிர்த்துத் துண்டை மட்டும் அளவாக உண்பது மேல். இந்நோய் இல்லாதவருக்கு இந்த விலக்குகளில் எதுவும் தேவை இல்லை. "அவன் ஆட்டுக்கறி தின்கிறான், அவனுக்கு வராது, நீ மாட்டுக்கறி தின்கிறாய், உனக்கு வந்துவிட்டது" என்று எவரேனும் சொன்னால் அது மருத்துவம் அன்று என்று துணிந்து சொல்லுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாட்டாலும் இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவது பெரும்பாலும் 100 மில்லிக்கு ஒரு மில்லிகிராம் அளவே. இருக்க வேண்டிய அளவோ ஆறு மில்லிகிராமுக்குக் கீழ். ஒன்பதில் நிற்பவர் பத்தியத்தால் மட்டும் ஆறுக்கு வர இயலாது. அடிக்கடி நோய் வருவோர் அல்லோப்யூரினால் போன்ற மருந்தை மருத்துவர் சொற்படி விடாமல் உட்கொள்ள வேண்டும். இம்மருந்தைக் கண்டவர்களுள் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார். பெண் என்ற காரணத்தால் ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுத்தன. முனைவர் பட்டப் படிப்பையும் முடிக்க இயலவில்லை. அவருக்கும் ஹிட்சிங்ஸ் என்னும் அறிஞருக்கும் 1988இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவியர் அந்த அம்மையாரின் வாழ்க்கையை நூலகத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். கவுட் வலி எழும்போது தணிக்கும் கோல்ச்சிசின் என்னும் மருந்து, நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் உழவர் இதனைப் பயிரிட்டு, மருந்துக்காக விதையை விற்கின்றனர். இதைக் கேட்டுவிட்டு எவரும் கிழங்கைத் தோண்டித் தின்றுவிடக் கூடாது. அது கொடிய நஞ்சு, உயிரைக் குடித்துவிடும். மருந்தாவது ஆலையில் பிரித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்த பிறகே.

மூன்றாவதாகிய முடக்குவாதத்தைப் பற்றித்தான் நான் இன்று முக்கியமாகப் பேச வந்தேன். 1993இல் டில்லிக்கு அருகே கிராமப்புறத்தில் நடத்திய கணக்கெடுப்பில், வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அதாவது ஆயிரம் பேர் உள்ள இடத்தில் ஏழெட்டுப் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. அதுவும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பருவத்தில் இருக்கும் தாய்மார்களைப் பிடிக்கிறது. காலையில் எழுந்தவுடன் இரு கைகளின் விரல்களும் மடங்கா. கூந்தலைப் பின்ன இயலாது. குடத்தின் கழுத்தைப் பற்ற இயலாது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கழிந்த பிறகே இறுக்கம் தளரும். விரல்களின் நடுக்கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு நம் ஊரில் என்ன நடக்கிறது? முதல் மாதம் ஒருவர் வந்து புளி ஆகாது என்கிறார். அடுத்த மாதம் மற்றொருவர் தக்காளி, கத்தரி, உருளை மூன்றும் வாயு என்கிறார். முட்டையும் கறியும் சூடு, மீன் கரப்பான், பருப்பு வாயுவுக்கெல்லாம் வாயு. ஆறு மாதத்தில் அவள் தட்டில் மிஞ்சுவது மோருஞ் சோறும். அந்த ஆறு மாதமும் மூட்டுக்குள் எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அரிக்கப்பட்ட எலும்பு மீண்டும் வளர்வதில்லை. நோய் தொடங்கிய மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கினால் விரல்களைக் காப்பாற்ற முடியும் என்பது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. அந்த மாதங்களையே நாம் புளியோடும் கத்தரிக்காயோடும் வழக்காடிக் கழித்துவிடுகிறோம்.

புளியோ தக்காளியோ முடக்குவாதத்தைக் கூட்டும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. ஒருவருக்கு ஒரு பொருளைத் தின்ற மறுநாள் வலி கூடுவதாகத் தோன்றினால், அந்த ஒரு பொருளை மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கட்டும். மீண்டும் உண்டு பார்க்கட்டும். வேறுபாடு இல்லையெனில் விலக்கை நீக்கிவிட வேண்டும்.

உணவு இந்நோயில் ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும். நார்வே நாட்டில் நோயாளிகளுள் ஒரு சாராரை ஏழு முதல் பத்து நாள் பட்டினியிலும், பிறகு ஓராண்டு மரக்கறி உணவிலும் வைத்துப் பார்த்து 1991இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வலியும் வீக்கமும் குறைந்தன. ஸ்வீடனில் காய்கறி, பயறு, மீன், ஒலிவ எண்ணெய் ஆகியவை மிகுந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவை மூன்று மாதம் கொடுத்து 2003இல் நன்மை கண்டார்கள். பட்டினியால் தணியும் வலி, மீண்டும் உண்ணத் தொடங்கியதும் திரும்பிவிடுகிறது என்பதும் தெரிந்ததே. மேலும், நார்வேக்காரரின் உடலில் இருக்கும் சேமிப்பு, இரத்தம் குறைந்த நம் பெண்ணின் உடலில் இல்லை. அவளுக்குப் பட்டினி வைத்தியம் கூடாது. அமெரிக்க முடக்குவாத மருத்துவர் சங்கம் 2022இல் வகுத்த வழிகாட்டுதல் இத்தகைய மத்தியதரை உணவை மட்டும் ஆதரித்தது. பிற பத்திய முறைகளையும் சத்துமாத்திரைகளையும் பரிந்துரைக்கவில்லை. அந்த உணவும் மருந்தோடு சேர்ந்து செல்ல வேண்டும். மருந்துக்குப் பதிலாக அன்று.

ஒலிவ எண்ணெய்க்கு நாம் எங்கே போவது என்று கேட்பீர்கள். போக வேண்டியதில்லை. முருங்கைக் கீரை, பாசிப்பயறு, கொள்ளு, கேழ்வரகுக் கூழ், வாரம் இரு முறை மத்திக் குழம்பு, கைப்பிடி நிலக்கடலை ஆகியவை அந்த உணவின் பெரும் பகுதியை நமக்குத் தந்துவிடும். மீன் எண்ணெயால் வலி தணிய நாள் ஒன்றுக்கு மூன்று கிராம் அளவு ஒமேகா-3 மூன்று மாதமேனும் வேண்டும் என்பதால், குழம்பையே மருந்தென்று சொல்லிவிட முடியாது. ஆயினும் புரதமும் இரும்பும் சேர்ந்து வருகின்றனவே! கருவாட்டில் மட்டும் உப்பைக் கவனியுங்கள். வலி மாத்திரைகள் இரத்த அழுத்தத்தைக் கூட்டவும் சிறுநீரகத்தைத் தாக்கவும் கூடியவை. உப்பு அதற்குத் துணைபோகும்.

முடக்கத்தான் கீரையைப் பற்றிக் கேட்காமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. முடக்கு அறுத்தான் என்று பெயரே சொல்கிறது. அதன் சாற்றுக்கு வீக்கத்தைத் தணிக்கும் தன்மை உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மனிதரில் எலும்பு அரிப்பதை அது நிறுத்தியதாகச் சான்று இல்லை. மாவோடு அரைத்துத் தோசையாக உண்ணுங்கள், நல்ல கீரை. மாத்திரையையும் உண்ணுங்கள்.

மாத்திரையைப் பற்றி மூன்று எச்சரிக்கை. மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டியது; நாள்தோறும் உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நாட்காட்டியில் அந்த ஒரு கிழமையை வட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். அதோடு மருத்துவர் தரும் போலிக் அமில மாத்திரையை அவர் சொன்ன நாளில் சேர்க்க வேண்டும்; மது கூடவே கூடாது. கருவுற எண்ணும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது, சந்தையில் பெயரில்லாப் பொட்டலத்தில் விற்கும் வாதப் பொடிகள். தின்ற மறுநாளே வலி பறந்துவிட்டால் மகிழாதீர்கள், ஐயப்படுங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்கும். மூன்றாவது, மருத்துவரே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் தாமாக நிறுத்தக் கூடாது. அக்காலத்தில் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவில் அது இருக்கிறது.

நோய்க்கு உணவைப் பழிக்கும் வழக்கம் படியாதவர்களுக்கே உரியது என்று எண்ண வேண்டா. கருநாடகத்தில் சிமோகா மாவட்டத்துச் சாகர் வட்டத்தில் ஹந்திகோடு என்று ஓர் ஊர். 1974–75 அளவில் அங்கும் சுற்றுப்புற ஊர்களிலும் விந்தையான ஒரு மூட்டு நோய் வெளி உலகத்துக்குத் தெரியவந்தது. இடுப்பும் முழங்காலும் இற்றுப்போய்ச் சிறு வயதிலேயே நடக்க இயலாமற் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் சனங்கி, சலவாதி என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்புகளைச் சேர்ந்த வயற்கூலிகள். அவர்கள் வயல் நண்டுகளைப் பிடித்துத் தின்பதையும், வயலில் பூச்சிமருந்து தெளிக்கப்படுவதையும் இணைத்து, நஞ்சேறிய நண்டுதான் காரணம் என்று அந்நாளில் பரவலாக எழுதினார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அது தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தில் இறங்கும் மரபுவழி நோய் என்று காட்டின. பூச்சிமருந்து ஏறிய நண்டு நல்ல உணவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நண்டை விட்டதால் அந்த இடுப்புகள் நிமிர்ந்திருக்க மாட்டா. ஏழையின் நோய்க்கு ஏழையின் உணவே காரணம் என்ற முடிவுக்கு எவ்வளவு விரைவில் வந்துவிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

சில இடங்களில் குற்றம் உணவில் இல்லை, குடிநீரில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, முதுகும் முழங்காலும் இறுகிப்போவதைப் பலகாலம் வாதம் என்றே எண்ணினார்கள். சென்னை மாகாணத்தில் இந்நோய் இருப்பது 1937லேயே பதிவானது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததோ 2013இல். பற்களில் பழுப்புக் கறையோடு மூட்டு இறுக்கமும் சேர்ந்து ஒரே தெருவில் பலருக்கு இருந்தால், சமையலைக் கேட்பதற்கு முன் கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுங்கள். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது. படித்த இளைஞர்கள் செய்ய வேண்டிய வேலை இது.

காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் இறுக்கம், ஆறு வாரத்துக்கு மேல் நிற்கும் வீக்கம் ஆகிய இரண்டில் ஒன்று உங்கள் வீட்டில் எவருக்கேனும் இருந்தால் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொண்டு போகலாம். போகும்போது இதுவரை தின்ற மாத்திரை, பொடி, சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மறைக்க வேண்டா.

கூட்டம் முடிந்த பின்பு மாலை ஆறு மணி வரை நான் கழக நூலகத்தில் இருப்பேன். தாய்மார்கள் வரலாம். வர இயலாதவர்களின் பிள்ளைகள், அம்மாவுக்கு எந்தெந்த விரல் வீங்கியிருக்கிறது, காலையில் எவ்வளவு நேரம் இறுக்கம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.